நீளச் சங்கிலி தோலுக்குள் போகாது, ஆற்றுக்குப் போகும்

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அழகுப் பொருள் விற்கும் மேசையைப் பாருங்கள். அட்டை அட்டையாக ஸ்டிக்கர் பொட்டு, ஜெல் நகச்சாயம், அதைக் காயவைக்கும் சின்ன விளக்கு, மினுமினுப்புத் தூள், மணிமணியாக உரசும் ஃபேஸ் வாஷ், முடிக்குப் போடும் சீரம், பால் நிறத்தில் பாடி வாஷ், பெயரே கேள்விப்படாத வெள்ளையாக்கும் கிரீம். கிரீமை விட்டுவிட்டால், மற்ற எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு செயற்கைப் பாலிமர் இருக்க வாய்ப்பு அதிகம். கிரீமின் கதை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

“பிளாஸ்டிக் கலக்கிறார்கள், தோலுக்குள் இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் எச்சரிக்கையைப் படித்துவிட்டு டைமெதிகோன் என்ற சிலிகோன் பாலிமர் உள்ள முடி சீரத்தைத் தூக்கிப் போடுகிறவர்கள், நெற்றியில் பொட்டை இரவும் பகலும் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். பயம் தவறான இடத்தில் இருக்கிறது. அதைச் சரியான இடத்துக்கு மாற்றத்தான் இந்தப் பதிவு.

பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்த நீளச் சங்கிலி. கோக்கப்படும் ஒவ்வொரு துண்டும் மோனோமர். ஒரு பொருள் நல்ல தோலின் மேலடுக்கைக் கடந்து உள்ளே போக வேண்டுமானால் அதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 500 டால்டனுக்குக் கீழே இருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டிலிருந்து தோல் மருத்துவத்தில் புழங்கும் கணக்கு இது. ஜெல்லைக் கெட்டியாக்கும் கார்போமர் இந்த வரம்பைப் பலமடங்கு தாண்டியது. முடி சீரத்தில் இருக்கும் டைமெதிகோனும் பெரும்பாலும் ஆயிரங்களில் இருக்கும். இவை தோலின் மேலே படர்ந்து உட்காரும், குளித்தால் போய்விடும்.

கோக்கப்படாமல் மிஞ்சிப்போன துண்டுகளைக் கவனியுங்கள். அக்ரிலமைடு 71. ஸ்டைரீன் 104. ஜெல் நகச்சாயத்தில் வரும் ஹேமா (HEMA) என்ற அக்ரிலேட் 130. பொட்டுப் பசையில் வரும் பாரா டெர்ஷியரி பியூட்டைல்பீனால் 150. எல்லாம் 500-க்கு வெகு கீழே. பாலிமர் சார்ந்த தோல் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மிச்சத்தால்தான் வருகின்றன. அதனால்தான் ஐரோப்பியச் சட்டம் பாலிஅக்ரிலமைடைத் தடை செய்யாமல், அதில் தங்கும் அக்ரிலமைடுக்கு அளவு வைத்திருக்கிறது: உடம்பில் பூசி அப்படியே விடும் பொருளில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், மற்றவற்றில் 0.5 மில்லிகிராம்.

இந்தக் கணக்கு முழுமையான தோலுக்கு மட்டுமே பொருந்தும். செம்பனை முள் கீறிய கை, கரப்பான் வந்து வெடித்த இடம், தீப்புண், சவரம் செய்த உடனே இருக்கும் முகம் ஆகியவற்றில் தடுப்புச் சுவர் கிடையாது. அங்கே வாசனைக் கிரீமோ ஜெல்லோ பூசாமல் இருப்பது நல்லது.

ஸ்டிக்கர் பொட்டு

நம் பெண்களின் தோலுக்குச் செயற்கைப் பாலிமர் செய்யும் கேடுகளில் முதலிடம் இதற்குத்தான் தருவேன். அழகுப் பொருள் என்றே யாரும் நினைப்பதில்லை. அட்டையின் பின்னால் உட்பொருள் பட்டியலும் பெரும்பாலும் இருக்காது.

பழைய வகைப் பசைகளில் பாரா டெர்ஷியரி பியூட்டைல்பீனாலை ஃபார்மால்டிஹைடோடு சேர்த்துச் செய்த பிசின் இருக்கும். ரப்பர் சப்பாத்து, தோல் கைப்பை, கைக்கடிகாரப் பட்டை ஒட்டுவதும் இதே இனப் பசைதான். பிசின் முழுதாக இணையாமல் விட்ட பியூட்டைல்பீனால், வியர்வையில் கரைந்து தோலுக்குள் போகிறது. உருவத்தில் அது டைரோசினை ஒத்திருக்கும். தோலுக்கு நிறம் தரும் செல்கள் டைரோசினை வைத்துத்தான் நிறமியைச் செய்கின்றன. இதையும் அப்படியே எடுத்துக்கொண்டு, அதன் நச்சால் செத்துப்போகின்றன. பொட்டு வைத்த இடம் வட்டமாக வெளுக்கிறது. ஐரோப்பாவில் இந்த வேதிப்பொருள் அழகுப் பொருள்களில் தடைசெய்யப்பட்டது.

சிலருக்கு முதலில் அரிக்கும், சிவக்கும், பிறகு வெளுக்கும். சிலருக்கு அரிப்பே இருக்காது, ஒருநாள் கண்ணாடியில் பார்க்கும்போது வெள்ளை தெரியும். அதனால் “எனக்கு அரிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறது” என்று இருந்துவிட முடியாது. பசையைப் பார்த்தோ முகர்ந்தோ எந்த வகை என்று கண்டுபிடிக்கவும் முடியாது. அக்ரிலிக் பசை போட்ட பொட்டுகளும் சந்தையில் உண்டு, அவற்றில் இந்தப் பிசின் இல்லை. ஆனால் உற்பத்தியாளர் எழுதித் தந்தால்தான் தெரியும்.

பொட்டு வைக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். தூங்கும்போது எடுத்துவிடுங்கள். வெயிலில் வேலை செய்து வியர்க்கும் நேரத்தில் வேண்டாம். ஒரே புள்ளியில் வைக்காமல் கொஞ்சம் மேலே, கீழே மாற்றுங்கள். கண்ணாடியில் ஒட்டி வைத்ததை எடுத்து வேறு பசை தடவித் திரும்ப வைப்பது மிக மோசம். அந்தப் பசை தோலுக்காகச் செய்ததே இல்லை. எடுத்த பிறகு பிசுபிசுப்பு இருந்தால் நகத்தால் சுரண்டாமல், தேங்காய் எண்ணெய் 2 சொட்டு வைத்து ஒரு நிமிடம் விட்டுத் துடைத்து, சோப்பால் கழுவுங்கள். சிறு பிள்ளைகளுக்குத் திருஷ்டிக்காகக் கன்னத்தில் ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

வெளுப்பு தெரிந்துவிட்டதா? வேறு பிராண்டுக்கு மாறாதீர்கள், ஸ்டிக்கரை முழுதாக நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் சிலருக்குக் கொஞ்ச காலம் பரவும், நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போது பொட்டு அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். தோல் நிபுணரிடம் அனுப்பினால், ஒட்டுப் பரிசோதனையில் (சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்ப்பது) பியூட்டைல்பீனால் ஃபார்மால்டிஹைடு பிசினைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்; அது வழக்கமான பரிசோதனைத் தொகுப்பில் இருக்கிற ஒன்றுதான். மணிக்கட்டிலும் பாதத்தின் மேலும் வெள்ளைத் திட்டு உண்டா என்று பாருங்கள். கடிகாரப் பட்டையிலும் செருப்பு வாரிலும் அதே பிசின் இருக்கலாம். ஃபார்மசியில் ஸ்டீராய்டு கிரீம் வாங்கி நீங்களாகவே பூசிக்கொள்வது வேண்டாம். நெற்றித் தோல் மெலிந்துவிடும்.

குங்குமத்துக்கு மாறினால் முடிந்தது என்றும் இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்த குங்குமம் வேறு, மலிவான சாயத்தூள் வேறு. சாயத்தூளில் அசோ சாயங்களும், சிலவற்றில் ஈயமும் உண்டு. விரலில் தேய்த்துத் தண்ணீரில் கழுவினால் பளிச்சென்று ரோஜா நிறம் பிடித்துக்கொண்டு போகாமல் இருப்பதை நெற்றியில் வைக்காதீர்கள்.

ஜெல் நகச்சாயம்

கல்யாணத்துக்கு முன் ஷோப்பியில் ஒரு செட் வாங்கி, அக்காவுக்குத் தங்கை போட்டுவிடுவது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. மற்ற அழகுப் பொருள்களில் பாலிமர் தொழிற்சாலையில் கோக்கப்பட்டு முடிந்து வரும். இதில் மோனோமரை விரலில் பூசி, விளக்குக்கு அடியில் உங்கள் நகத்தின் மேலேயே கோக்கிறீர்கள். கோப்பது முழுமையாக நடக்காவிட்டால் மிஞ்சுவது ஹேமா போன்ற அக்ரிலேட்டுகள். இவற்றுக்கு ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுள் முழுதும் போகாது. பல் அடைக்கும் பொருளிலும், எலும்பு அறுவையில் போடும் சிமென்டிலும் இதே குடும்பம் இருக்கிறது. சர்க்கரை அளவு பார்க்கக் கையில் ஒட்டும் சென்சரின் பசையிலும் அக்ரிலேட் உண்டு. நம் குடும்பங்களில் நீரிழிவு எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். இருபது வயதில் நகத்துக்காக வாங்கிக்கொண்ட ஒவ்வாமை, ஐம்பது வயதில் சென்சர் ஒட்டவிடாமல் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் ஹேமா உள்ள நகப்பொருளைத் தொழில்முறையாளர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று எழுதச் சொல்வது இதனால்தான். ஒளி பட்டதும் கோப்பதைத் தொடங்கிவைக்கும் டிபிஓ (TPO) என்ற பொருளுக்கு அங்கே 2025 செப்டம்பர் 1 முதல் தடையே வந்துவிட்டது.

தவறு நடக்கும் இடங்கள் சில. நகத்தின் ஓரத் தோலில் ஜெல் வழிந்து, அப்படியே விளக்கில் வைப்பது. தடிமனாகப் பூசுவது: மேலே கெட்டியாகும், அடியில் ஈரமாகவே இருக்கும், விளக்கில் வைத்ததும் சுரீரென்று சுட்டால் தடிமன் அதிகம் என்று அர்த்தம். ஒரு நிறுவனத்தின் ஜெல்லுக்கு வேறொரு நிறுவனத்தின் விளக்கு: அலைநீளமும் வலுவும் பொருந்தாவிட்டால், தொட்டுப் பார்க்கையில் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே மோனோமர் மிச்சம். பழைய விளக்கின் வலு குறைந்திருப்பதும் இதே கேட்டைச் செய்யும்.

போட்டே ஆக வேண்டுமானால், தோலிலிருந்து 1 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். வழிந்தால் விளக்கில் வைப்பதற்கு முன்னால் மரக்குச்சியில் பஞ்சு சுற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடையுங்கள். மெல்லிய பூச்சாக இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் அந்த ஜெல் புட்டியில் போட்டிருக்கும் நேரம் முழுதும். கட்டை விரலைத் தனியாக வையுங்கள், நான்கு விரலோடு சேர்த்து வைத்தால் அது சாய்ந்து நிற்கும், ஒளி ஒரு பக்கம் படாது. கடைசியில் மேலே பிசுபிசுக்கும் அடுக்கு, காற்றுப் பட்டதால் கோக்கப்படாத மோனோமர். அதைத் துடைக்கும் பஞ்சு தோலில் படக் கூடாது. ராவும்போது பறக்கும் தூளிலும் மிச்சம் இருக்கும், ஆகவே மேசையை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை முகத்துக்கருகே கொண்டுபோகாதீர்கள்.

சலூனில் நாள் முழுதும் இந்த வேலை செய்யும் பெண்களுக்கு ஆபத்து வாடிக்கையாளரைவிட அதிகம். மெல்லிய நைட்ரைல் கையுறையை அக்ரிலேட் சில நிமிடங்களில் கடந்துவிடும். கையுறையில் ஜெல் பட்டால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டுத் தொடரக் கூடாது, உடனே கழற்றி மாற்ற வேண்டும். விரல்நுனி வெடிப்பு, நகம் தூக்கிக்கொள்வது, கண் இமையில் காரணமில்லாத அரிப்பு (கை தொட்ட இடம் அது) ஆகியவற்றில் ஏதாவது வந்தால் அன்றோடு நிறுத்துங்கள். சாதாரணக் காற்றில் காயும் நகச்சாயத்தில் நைட்ரோசெல்லுலோஸ் ஏற்கெனவே கோக்கப்பட்டது. வீட்டுக்கு அது போதும்.

பயப்பட வேண்டாதவை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்போமர், டைமெதிகோன், முடிக்குப் போடும் பாலிகுவாட்டர்னியம் ஆகியவற்றால் தோல் ஒவ்வாமை வருவது அரிது. ஒரு கிரீம் எரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியவை வாசனையும் மெதைல்ஐசோதயசோலினோன் போன்ற பதப்படுத்திகளும். வெயிலில் வேலை செய்கிறவர்கள் சன்ஸ்கிரீனில் அக்ரிலேட் இருக்கிறது என்று நிறுத்த வேண்டாம். வியர்வையில் வழியாமல் பிடித்து நிற்க வைப்பது அதுதான். நீளக் கைச் சட்டையும் தொப்பியும் முதலில், மிச்சமுள்ள முகம், கழுத்துக்கு இரண்டு விரல் நீளம் கிரீம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ‘பாலி’ என்று தொடங்கும் எல்லாம் பிளாஸ்டிக்கும் இல்லை: பாலிசார்பேட், பாலிகிளிசரைல் இரண்டும் எண்ணெயையும் நீரையும் சேர்த்து வைப்பவை.

மேசையில் இருந்த அந்த வெள்ளையாக்கும் கிரீம்தான் அங்கே இருப்பதில் ஆபத்தானது, பாலிமரால் அல்ல. பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் கலந்த கிரீம்களைப் பற்றித் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவான என்பிஆர்ஏ தொடர்ந்து எச்சரித்து வருகிறது. பெட்டியில் ‘நோட்’ என்று ஆங்கில எழுத்தில் தொடங்கி, எண்கள் வந்து, ‘கே’ என்று முடியும் அறிவிப்பு எண்ணை அவர்களின் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். எண் இருந்தாலும், நிறுவனம் தன் பொருளைப் பதிந்திருக்கிறது என்றுதான் பொருள். அரசாங்கம் சோதித்துச் சான்று தந்ததாக ஆகாது.

லோங்காங்கில் (வடிகாலில்) போவது

தோலுக்கு ஒன்றும் செய்யாத நீளச் சங்கிலி, குளியலறையை விட்டு வெளியே போன பிறகுதான் தொல்லை தருகிறது. தோட்ட லயங்களிலும் பழைய வீடுகளிலும் கழிப்பறை நீர் மட்டும் செப்டிக் தொட்டிக்குப் போகும்; குளித்த நீரும் சமையலறை நீரும் நேரே லோங்காங்குக்குப் போகும். பெரிய கழிவுநீர் நிலையம் இருக்கிற ஊரில் நுண்துகள்களில் பெரும்பகுதி சேற்றோடு தங்கிவிடும். நம் பக்கம் அந்த வடிகட்டும் படியே இல்லை. லோங்காங் வாய்க்காலுக்கு, வாய்க்கால் சிலாங்கூர் ஆற்றுக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்நீரில் பெரும்பங்கு அந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். தண்ணீர் எடுக்கும் இடங்கள் நம் ஊர்ப்பக்கமே இருக்கின்றன. அதற்கும் கீழே கம்போங் குவாந்தானில் மின்மினிகள் அமரும் பெரெம்பாங் மரங்கள், பிறகு கோலசிலாங்கூர் முகத்துவாரம், கடலோரக் கேராங் (சிப்பி வகை) படுகைகள். கேராங் நீரை வடிகட்டித் தின்னும் உயிர். நாமோ அதைக் குடலோடு சேர்த்துத் தின்கிறோம்.

பாலிஎத்திலீன் மணிகள் நீரைவிட இலேசு, மிதந்துகொண்டே கடல்வரை போகும். மினுமினுப்பில் இருக்கும் பெட் (PET) பிளாஸ்டிக் கனமானது, 1.38 அடர்த்தி; சேற்றில் படியும். பால் நிற பாடி வாஷில் ‘ஸ்டைரீன் அக்ரிலேட்ஸ் கோபாலிமர்’ என்று இருந்தால், அந்த வெண்மைக்கு மட்டுமே பிளாஸ்டிக் துகள் போட்டிருக்கிறார்கள். அழுக்கு எடுப்பதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. பார்வைக்காக மட்டும் ஆற்றில் பிளாஸ்டிக் விடுவதை எப்படி ஏற்பது? முத்துப்போல் மின்னும் வகைக்கு கிளைக்கால் டைஸ்டியரேட் போடுவார்கள், அது செம்பனை எண்ணெய் அமிலத்திலிருந்தும் வருவது, மக்கிவிடும். இரண்டும் ஒரே விலையில் கிடைக்கும்போது இதை எடுங்கள்.

அமெரிக்கா 2015-இல் சட்டம் இயற்றி, கழுவிவிடும் பொருள்களில் மணிகள் சேர்த்து உற்பத்தி செய்வதை 2017 ஜூலையிலிருந்து நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் 17 முதல் தேய்க்கும் மணிகளை உடனே தடுத்தது. கழுவிவிடும் மற்றப் பொருள்களுக்கு 2027, பூசி விடும் பொருள்களுக்கு 2029, உதட்டுச்சாயம், நகச்சாயம், ஒப்பனைக்கு 2035 வரை அவகாசம். இந்தச் சட்டம் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த திடத் துகளை மட்டும்தான் பிடிக்கிறது. நீரில் கரையும் பாலிமர் அதில் வராது. ஆகவே ‘மைக்ரோபிளாஸ்டிக் இல்லை’ என்ற லேபலைப் பார்த்து, செயற்கைப் பாலிமரே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் இருக்கும் ஸ்க்ரப்பில் பிளாஸ்டிக் மணியா என்று பார்க்க வழி இருக்கிறது. ஒரு தேக்கரண்டி ஸ்க்ரப்பை 200 மில்லி வெதுவெதுப்பான நீரில் கலக்கி 10 நிமிடம் விடுங்கள். உப்பும் சர்க்கரையும் கரைந்துவிடும். காப்பி வடிதாளிலோ நெருக்கமான வெள்ளைத் துணியிலோ வடித்து, மூன்று முறை நீர் ஊற்றி அலசிக் காயவிடுங்கள். மணிகளில் பாதியைக் கொதித்து இறக்கிய நீரில் போடுங்கள்: மெழுகு மணி உருகி எண்ணெயாக மிதக்கும், பாலிஎத்திலீன் 100 டிகிரியில் உருகாது, அப்படியே இருக்கும். மிச்சத்தில் நாலைந்தை வீட்டுக்கு வெளியே வைத்து, சூடாக்கிய ஊசியை இடுக்கியால் பிடித்துத் தொடுங்கள். இளகி ஊசியில் ஒட்டினால் பிளாஸ்டிக், கருகி விறகு வாசம் வந்தால் கொட்டைத் தூள், ஒன்றுமே ஆகாவிட்டால் சிலிக்கா. பால் நிறத் துகளை இந்தச் சோதனையில் பிடிக்க முடியாது, துணியின் வழியே போய்விடும், அதற்கு லேபல்தான். லேபலில் 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவை மட்டுமே அளவு வரிசையில் வரும், அதற்குக் கீழே எந்த வரிசையிலும் எழுதலாம். கடைசியில் இருக்கிறது என்பதால் சொற்பம் என்று முடிவு கட்டாதீர்கள்.

தேய்த்துக் குளிக்கப் பச்சைப்பயறு 200 கிராம், பூலாங்கிழங்கு 10 கிராம், விருப்பமிருந்தால் கஸ்தூரி மஞ்சள் 5 கிராம். இரண்டு நாள் நல்ல வெயில், மாவு அரைப்பு, பிறகு மெல்லிய துணியில் சலிப்பு. மேலே தங்கும் குருணையைத் திரும்ப அரையுங்கள், அது முகத்தைக் கீறும். நம் ஈரக் காற்றில் மூன்று வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஈரக் கரண்டி போட்டால் பூசணம் அதற்கு முன்பே வரும். பரு பழுத்த முகத்தில் எதையும் தேய்க்க வேண்டாம். முடி ஜெல்லுக்கு ஆளி விதை 30 கிராமை 400 மில்லி நீரில், சிறு தீயில் 7, 8 நிமிடம் கிளறி, முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூட்டோடு வடிக்க வேண்டும். ஆறவிட்டால் விதையும் ஜெல்லும் பிரியாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரம். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

மேடை நடனத்துக்கு மினுமினுப்பு வேண்டுமானால் மைக்கா அடிப்படையிலானதை வாங்குங்கள், அது கனிமம். ‘மக்கும்’ என்று விற்பதிலும் சில வகைகளில் அலுமினியமும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சும் உண்டு. கைவினைக் கடைத் தூளைக் கண்ணருகே போடவே கூடாது, வெட்டிய ஓரம் கருவிழியைக் கீறும். கலைக்கும்போது முகத்தைக் கழுவுவதற்கு முன், எண்ணெய் தொட்ட பஞ்சால் ஒரே திசையில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். முடியில் ஒட்டியதைக் காகித டேப்பால் எடுங்கள்.

தேதி போன ஜெல் நகச்சாயத்தைச் சிங்க்கிலும் லோங்காங்கிலும் ஊற்றாதீர்கள், மூடியோடு குப்பையிலும் போடாதீர்கள். திரவமாக இருக்கும்வரை அது மோனோமர். கையுறை போட்டு, அலுமினியத் தாளில் மெல்லிய படலமாகப் பரப்பி, அதன் விளக்கின் அடியில் இரண்டு மூன்று சுற்று வையுங்கள். விளக்கு இல்லாவிட்டால் பிள்ளைகள் கை படாத இடத்தில் மதிய வெயிலில் விடலாம். மேலே பிசுபிசுத்தால் ஆல்கஹால் பஞ்சால் துடைத்துத் திரும்ப வையுங்கள். மடித்தால் உடையும் பதத்துக்குக் கெட்டியானதும் தாளோடு சுருட்டிக் குப்பைப் பையில் போடலாம்.